பெட்ரோல், டீசல், சிஎன்ஜி, ஹைபிரிட், மின்சாரம்: செலவிலும் மாசிலும் எந்தக் கார் சிக்கனமானது? - ஒரு விளக்கம்

புதுதில்லி: புதிதாகக் கார் வாங்கச் செல்லும் இந்தியக் குடும்பத்தின் முன் இன்று ஐந்து வழிகள் உள்ளன. பெட்ரோல், டீசல், சிஎன்ஜி, ஹைபிரிட், மின்சாரம் ஆகிய ஐந்திலும் கார்கள் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் விற்பவர்கள் தத்தம் வாகனமே மலிவானது, தூய்மையானது என்று கூறுகின்றனர். விலை குறைந்த கார் எரிபொருளை அதிகம் குடிக்கிறது. எரிபொருளைச் சேமிக்கும் காரின் விலை அதிகமாக உள்ளது. புகையே விடாத காருக்கான மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. இந்த மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் எது சிக்கனம் என்பது தெளிவாகும்.

அந்தக் கணக்கை எவ்வாறு போடுவது, எந்த இடத்தில் எந்த வாகனம் முந்துகிறது, அரசின் வரியும் விதிகளும் அதில் எந்த அளவுக்குப் பங்கு வகிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் இந்த ஒப்பீடு அவசியம்?

இந்தியா தனது கச்சா எண்ணெய்த் தேவையில் சுமார் 88 சதவீதத்தை இறக்குமதி செய்கிறது. இயற்கை எரிவாயுவிலும் ஏறத்தாழப் பாதி அளவு வெளிநாடுகளிலிருந்து வருகிறது. எனவே ஒரு லிட்டர் பெட்ரோலைச் சேமிப்பது குடும்பச் செலவோடு நின்றுவிடுவதில்லை. நாட்டின் அன்னியச் செலாவணியையும் அது காக்கிறது. மறுபுறம், குளிர்காலம்தோறும் தில்லி உள்ளிட்ட வட இந்திய நகரங்களைச் சூழும் நச்சுப்புகையில் வாகனங்களுக்கும் கணிசமான பங்கு உண்டு.

ஆனால் 'சுற்றுச்சூழல் பாதிப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் அடங்கியுள்ளன. முதலாவது, புவி வெப்பமடைதலுக்குக் காரணமான கரியமில வாயு. அது எந்த ஊரில் வெளியானாலும் விளைவு உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். இரண்டாவது, நுண்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். இவை வெளியாகும் தெருவில் வசிப்பவர்களின் நுரையீரலை நேரடியாகத் தாக்குகின்றன. ஒரு வாகனம் முதல் அளவுகோலில் நன்றாகவும் இரண்டாவதில் மோசமாகவும் இருக்கக்கூடும். டீசல் இதற்குப் பழைய உதாரணம்.

விளம்பர மைலேஜும் சாலை மைலேஜும்

இந்தியாவில் கார்களின் மைலேஜ், புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சி சங்கம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளின் ஆய்வகங்களில் அளக்கப்படுகிறது. இச்சோதனையில் கார் உருளைகளின் மீது நிறுத்தப்பட்டு, வகுக்கப்பட்ட வேகத்தில் ஓட்டப்படுகிறது. அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். குளிர்சாதனம் இயக்கப்படுவதில்லை. நெரிசல், மேடு பள்ளம், முழு சுமை ஆகியவையும் இல்லை. ஆகவே சாலையில் கிடைக்கும் மைலேஜ் இதைவிடக் குறைவாகவே இருக்கும். மின்சார கார்களுக்குக் குறிப்பிடப்படும் பயண தூரத்துக்கும் இது பொருந்தும்.

எரிபொருளின் தன்மையும் மாறியுள்ளது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தற்போது நாடெங்கும் விற்கப்படுகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில், 20 சதவீதக் கலப்பால் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கை மதிப்பிட்டது.

எனவே கீழே உள்ள கணக்கில், விளம்பர மைலேஜுக்குப் பதிலாக அன்றாடப் பயன்பாட்டில் எதிர்பார்க்கக்கூடிய அளவுகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஐந்து வகைகளும் கிடைக்கும் பிரிவு என்பதால், நடுத்தர அளவு எஸ்யூவி கார் ஒப்பீட்டுக்குத் தேர்வு செய்யப்பட்டுள்ளது.

ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு?

கணக்கின் வசதிக்காக பெட்ரோல் லிட்டருக்கு 95 ரூபாய், டீசல் 88 ரூபாய், சிஎன்ஜி கிலோவுக்கு 77 ரூபாய், வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய், பொது விரைவு சார்ஜிங் யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று கொள்வோம். தில்லியில் 2024 மார்ச் மாத விலைக் குறைப்புக்குப் பின் பெட்ரோல் 94.72 ரூபாய்க்கும் டீசல் 87.62 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. மாநிலங்களின் மதிப்புக்கூட்டு வரிக்கு ஏற்ப இவ்விலை ஊருக்கு ஊர் மாறும்.

பெட்ரோல் கார், லிட்டருக்கு 14 கிலோமீட்டர்: கிலோமீட்டருக்கு 6.79 ரூபாய்.

டீசல் கார், லிட்டருக்கு 17 கிலோமீட்டர்: 5.18 ரூபாய்.

ஸ்ட்ராங் ஹைபிரிட் கார், லிட்டருக்கு 21 கிலோமீட்டர்: 4.52 ரூபாய்.

சிஎன்ஜி கார், கிலோவுக்கு 20 கிலோமீட்டர்: 3.85 ரூபாய்.

மின்சார கார், 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட், பொது சார்ஜிங்: 3.40 ரூபாய்.

மின்சார கார், வீட்டு சார்ஜிங்: 1.36 ரூபாய்.

இங்கு 17 யூனிட் என்பது மின்சார மீட்டரில் பதிவாகும் அளவு. சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பும் இதில் அடங்கும். காரின் திரையில் தெரியும் அளவை மட்டும் வைத்துக் கணக்கிடுவோர் பெரும்பாலும் இந்த இழப்பை விட்டுவிடுகின்றனர்.

மாதம் 1,000 கிலோமீட்டர், அதாவது ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு, பெட்ரோல் காரில் ஆண்டு எரிபொருள் செலவு சுமார் 81,400 ரூபாய். டீசலில் 62,100, ஹைபிரிட்டில் 54,300, சிஎன்ஜியில் 46,200, பொது சார்ஜிங்கை மட்டும் நம்பும் மின்சார காரில் 40,800, வீட்டிலேயே சார்ஜ் செய்யும் மின்சார காரில் 16,300 ரூபாய்.

ஒரே மின்சார கார்தான். சார்ஜ் செய்யும் இடம் மாறியதும் செலவு இரண்டரை மடங்காகிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வாகன நிறுத்துமிடமும் மின் இணைப்பும் இல்லாதவருக்கு மின்சார காரின் முக்கியமான ஆதாயம் கணிசமாகக் கரைந்துவிடுகிறது. வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையில் இருக்கும் மாநிலங்களில், கூடுதல் யூனிட்டுகள் உயர்ந்த கட்டணப் படிக்குள் செல்லும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மின்வாகன சார்ஜிங்குக்கென மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தனிக் கட்டணப் பிரிவை வகுத்திருந்தால், அந்த இணைப்பைப் பெறுவது லாபமாக இருக்கலாம்.

கூடுதல் விலை எப்போது திரும்பக் கிடைக்கும்?

எரிபொருள் செலவு குறையும் காருக்கு ஷோரூம் விலை பொதுவாக அதிகம். அதே தரத்திலான பெட்ரோல் காருடன் ஒப்பிட்டால் சிஎன்ஜி காருக்கு 1 லட்சம், டீசலுக்கு 1.5 லட்சம், ஹைபிரிட்டுக்கு 2 லட்சம், மின்சார காருக்கு 4 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்குபவர் இந்த இடத்தில் தனக்குக் கிடைத்த உண்மையான விலைப்பட்டியலைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால், சிஎன்ஜி காரின் கூடுதல் விலை ஏறத்தாழ 3 ஆண்டுகளில் ஈடாகிறது. வீட்டில் சார்ஜ் செய்யப்படும் மின்சார காருக்கு சுமார் 6 ஆண்டுகள், ஹைபிரிட்டுக்கு 7 ஆண்டுகளுக்கு மேல், டீசலுக்கு ஏறத்தாழ 8 ஆண்டுகள், பொது சார்ஜிங்கை மட்டும் நம்பும் மின்சார காருக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகின்றன.

இதையே ஐந்து ஆண்டு மொத்தச் செலவாக, கூடுதல் விலையையும் எரிபொருளையும் சேர்த்துப் பார்த்தால் பெட்ரோல் காருக்கு 4.07 லட்சம், சிஎன்ஜிக்கு 3.31 லட்சம், டீசலுக்கு 4.61 லட்சம், ஹைபிரிட்டுக்கு 4.71 லட்சம், வீட்டில் சார்ஜ் ஆகும் மின்சார காருக்கு 4.82 லட்சம் ரூபாய் ஆகிறது. அதாவது மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டி, ஐந்தாம் ஆண்டில் காரை மாற்றிவிடும் பழக்கம் உள்ளவருக்கு, சிஎன்ஜியைத் தவிர மற்ற மூன்றும் சாதாரண பெட்ரோல் காரைவிடச் செலவு மிக்கவையே.

பயண தூரம் இரட்டிப்பானால் படம் மாறிவிடுகிறது. ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஐந்து ஆண்டுகளில் பெட்ரோல் செலவு மட்டும் 8.14 லட்சம் ரூபாய். டீசலுக்கு 7.71 லட்சம், ஹைபிரிட்டுக்கு 7.43 லட்சம், சிஎன்ஜிக்கு 5.62 லட்சம், வீட்டில் சார்ஜ் ஆகும் மின்சார காருக்கு 5.63 லட்சம். இங்கு மின்சாரமும் சிஎன்ஜியும் சமநிலைக்கு வந்துவிடுகின்றன. அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் மின்சார கார் முந்துகிறது. வாடகை வாகன ஓட்டுநர்களும் தினமும் நெடுந்தூரம் அலுவலகம் செல்பவர்களும் மின்சார வாகனத்தில் ஆதாயம் காண்பதற்கும், வார இறுதியில் மட்டும் காரை எடுப்பவர்கள் காணாததற்கும் இதுவே காரணம்.

இக்கணக்கில் பராமரிப்பு, காப்பீடு, கடன் வட்டி, மறுவிற்பனை விலை ஆகியவை சேர்க்கப்படவில்லை. மின்சார காரில் எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் போன்றவை இல்லாததால் பராமரிப்புச் செலவு குறைவு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் மின்சார வாகனங்களுக்கு 15 சதவீதமும் ஹைபிரிட் வாகனங்களுக்கு 7.5 சதவீதமும் தள்ளுபடி உண்டு. ஆனால் காரின் விலை உயர உயர, சொந்தச் சேதத்துக்கான காப்பீடும் கடன் தவணையும் உயரும். பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் பரவலாக வழங்கப்படுகிறது. பழைய காரை வாங்குபவர் பேட்டரியின் எஞ்சிய ஆயுளையே முதலில் கேட்பார் என்பதால், மறுவிற்பனை விலை அந்த உத்தரவாதத்தைச் சார்ந்தே அமையும். சிஎன்ஜி காரில் சிலிண்டர் பின்பக்கச் சரக்கு இடத்தை எடுத்துக்கொள்வதும், சில நகரங்களில் நிரப்பு நிலையங்களில் காத்திருக்க நேர்வதும் பணக்கணக்கில் தெரியாத செலவுகள்.

வரி எவ்வளவு வித்தியாசம் செய்கிறது?

வாகன விலையில் பெரும் பகுதியை வரி தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் மற்றும் சிஎன்ஜி கார்களுக்கும், அதே நீளத்தில் 1,500 சிசி வரையிலான டீசல் கார்களுக்கும் 18 சதவீத வரி விதிக்கப்படுகிறது. இவ்வரம்பைத் தாண்டும் கார்களுக்கு 40 சதவீதம். 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

மின்சார வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் 1 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அது இன்றும் தொடர்கிறது. ஹைபிரிட் கார்களுக்கு இத்தகைய தனிச் சலுகை இல்லை. அளவு வரம்பைத் தாண்டிய ஹைபிரிட் கார், பெட்ரோல் காரைப் போலவே 40 சதவீத வரிக்கு உட்படுகிறது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கில் காணலாம். வரிக்கு முந்தைய விலை 10 லட்சம் ரூபாயாக உள்ள நடுத்தர எஸ்யூவி, பெட்ரோல் அல்லது ஹைபிரிட்டாக இருந்தால் ஜிஎஸ்டியுடன் 14 லட்சம். மின்சார காராக இருந்தால் 10.5 லட்சம். வித்தியாசம் 3.5 லட்சம் ரூபாய். இவ்வளவு வரிச் சலுகைக்குப் பிறகும் மின்சார காரின் விலை அதிகமாக இருப்பதற்கு பேட்டரியின் அடக்கவிலையே முதன்மைக் காரணம். சிறிய கார்களில் இந்த வரி இடைவெளி 18க்கும் 5க்கும் இடையிலான 13 சதவீதப் புள்ளிகளாகச் சுருங்கிவிடுவதால், அங்கு மின்சார காரின் போட்டி மேலும் கடினமாகிறது.

மத்திய அரசின் நேரடி மானியத்தைப் பொறுத்தவரை, 10,000 கோடி ரூபாய் மதிப்பிலான ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டம் 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச் 31 அன்று நிறைவடைந்தது. அதன்பின் 10,900 கோடி ரூபாயில் 'பிஎம் இ-டிரைவ்' திட்டம் 2024 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. இது இருசக்கர, மூன்று சக்கர வாகனங்கள், பேருந்துகள், லாரிகள், ஆம்புலன்ஸ்கள், சார்ஜிங் நிலையங்கள் ஆகியவற்றுக்கானது. தனிநபர் கார்களுக்கு இதில் மானியம் இல்லை.

மின்சார வாகனக் கடனுக்கான வட்டியில் 1.5 லட்சம் ரூபாய் வரை வருமான வரி விலக்கு அளித்த 80ஈஈபி பிரிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே பொருந்தும். புதிய கடன்களுக்கு இச்சலுகை கிடையாது என்பதை வாங்குபவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். மின்சார வாகனங்களுக்குப் பதிவுச் சான்றிதழ்க் கட்டணத்திலிருந்து மத்திய அரசு 2021இல் விலக்கு அளித்தது. சாலை வரிச் சலுகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. அதற்குக் காலவரம்பும் உண்டு. எனவே பதிவு செய்யும் நாளில் எந்த விதி நடப்பில் உள்ளது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது.

கரியமில வாயு: புகைக்குழாய் மட்டும் போதாது

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. டீசலில் சுமார் 2.7 கிலோ. ஒரு கிலோ சிஎன்ஜியிலும் சுமார் 2.7 கிலோ. மேலே கூறிய மைலேஜின்படி, புகைக்குழாயிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு வெளியாகும் அளவு பெட்ரோல் காரில் 164 கிராம், டீசலில் 158, சிஎன்ஜியில் 135, ஹைபிரிட்டில் 110 கிராம். மின்சார காரில் பூஜ்யம்.

ஆனால் கச்சா எண்ணெயைத் தோண்டி எடுக்கவும் சுத்திகரிக்கவும் கொண்டு செல்லவும் ஆற்றல் செலவாகிறது. இதற்காக 20 சதவீதம் சேர்த்தால், பெட்ரோல் காரின் அளவு 197 கிராமாகவும் டீசல் 190 ஆகவும் சிஎன்ஜி 162 ஆகவும் ஹைபிரிட் 131 ஆகவும் உயரும்.

மின்சார காருக்கும் இதே நியாயம் பொருந்த வேண்டும். இந்தியாவின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து கிடைக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் தரவுகளின்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.72 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மின்கடத்தல் மற்றும் பகிர்மான இழப்பு 15 சதவீதம் என்று கொண்டால், காருக்கு 17 யூனிட் சேர மின் நிலையத்தில் 20 யூனிட் உற்பத்தியாக வேண்டும். அதன்படி மின்சார காரின் பங்கு கிலோமீட்டருக்கு 144 கிராம். நிலக்கரியைத் தோண்டி எடுத்து ரயிலில் கொண்டுவருவதற்கான உமிழ்வையும் சேர்த்தால் இது இன்னும் சற்று உயரும்.

பெட்ரோல் காருடன் ஒப்பிட்டால் மின்சார கார் கால் பங்குக்கு மேல் குறைவாகவே கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஆனால் இன்றைய மின்தொகுப்பில் ஒரு நல்ல ஸ்ட்ராங் ஹைபிரிட் கார் அதைவிடவும் சற்று முன்னிலையில் நிற்கிறது. ஹைபிரிட் கார்களுக்கும் வரிச் சலுகை வேண்டும் என்று சில உற்பத்தியாளர்கள் கோருவதும், மின்சார வாகனத்துக்கே முழு ஆதரவு வேண்டும் என்று மற்றவர்கள் வாதிடுவதும் இந்த நெருக்கமான இடைவெளியை வைத்துத்தான்.

இந்த ஒப்பீடு காலப்போக்கில் ஒரே நிலையில் நிற்காது. ஹைபிரிட் கார் வாங்கிய நாளில் வெளியிட்ட அளவையே பத்தாம் ஆண்டிலும் வெளியிடும். மின்சார காரோ, மின்தொகுப்பு தூய்மையாகும்போது தானும் தூய்மையாகும். இந்தியாவின் மொத்த மின் உற்பத்தித் திறனில் புதைபடிவம் சாராத மூலங்களின் பங்கு 2025ஆம் ஆண்டு மத்தியில் 50 சதவீதத்தை எட்டியது. 2030க்குள் இத்திறனை 500 கிகாவாட்டாக உயர்த்துவது அரசின் இலக்கு. சூரிய மின் நிலையம் இரவில் இயங்காது என்பதால், நிறுவப்பட்ட திறனில் பாதி என்பது உற்பத்தியில் பாதி என்று பொருளாகாது. எனினும் ஒரு யூனிட்டுக்கான உமிழ்வு 0.5 கிலோவாகக் குறைந்தால், மேற்கண்ட மின்சார காரின் அளவு 144 கிராமிலிருந்து 100 கிராமாக இறங்கும். அப்போது அது ஹைபிரிட்டைத் தெளிவாக முந்தும். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்துப் பகலில் சார்ஜ் செய்பவருக்கு அந்த நிலை இன்றே கைகூடும்.

பேட்டரி தயாரிப்பின் கடன்

மின்சார கார் ஆலையிலிருந்து வெளியே வரும்போதே ஒரு கரியமிலக் கடனுடன் வருகிறது. ஒரு கிலோவாட் மணி திறனுள்ள லித்தியம் பேட்டரியைத் தயாரிக்கச் சுமார் 60 முதல் 100 கிலோ கரியமில வாயு வெளியாவதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. 45 கிலோவாட் மணி பேட்டரிக்கு, நடு அளவாக 80 கிலோ என்று கொண்டால், 3.6 டன். பெட்ரோல் காரைவிடக் கிலோமீட்டருக்கு 53 கிராம் மிச்சமாகும் நிலையில், இக்கடனை அடைக்கச் சுமார் 68,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மின்தொகுப்பின் உமிழ்வு 0.5 கிலோவாகக் குறைந்தால் 37,000 கிலோமீட்டரே போதும்.

தயாரிப்பு முதல் பயன்பாடு வரை முழு வாழ்நாளையும் கணக்கிட்ட பன்னாட்டுத் தூய போக்குவரத்து மன்றத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வு, இந்தியாவில் அவ்வாண்டு பதிவான நடுத்தர மின்சார கார்களின் உமிழ்வு, பெட்ரோல் கார்களைவிட 19 முதல் 34 சதவீதம் குறைவாக இருக்கும் என்று மதிப்பிட்டது. ஐரோப்பாவில் இக்குறைவு 66 முதல் 69 சதவீதம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு மின்சாரம் எதிலிருந்து கிடைக்கிறது என்பதே முக்கியக் காரணம்.

லித்தியம், கோபால்ட், நிக்கல் ஆகியவற்றைத் தோண்டி எடுப்பதால் நிலத்துக்கும் நீருக்கும் நேரும் பாதிப்பும் உண்டு. எல்எஃப்பி எனப்படும் இரும்பு-பாஸ்பேட் வகை பேட்டரிகளில் கோபால்ட்டும் நிக்கலும் தேவைப்படுவதில்லை. பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள் மீது சுமத்தியுள்ளன.

நகரத்துக் காற்றும் நுரையீரலும்

கரியமில வாயுக் கணக்கில் மின்சாரமும் ஹைபிரிட்டும் நெருங்கி நின்றாலும், நகரத் தெருக்களின் காற்றைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மின்சார வாகனம் போக்குவரத்து சிக்னலிலும் பள்ளி வாசலிலும் புகை விடுவதில்லை. மின் நிலையத்தின் புகை மக்கள்தொகை மிகுந்த தெருவிலிருந்து பெரும்பாலும் தொலைவில் வெளியாகிறது. அது அங்குள்ள கிராமங்களைப் பாதிக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. டயர் தேய்மானம், பிரேக் தூசு, சாலைப் புழுதி ஆகியவை எல்லா வாகனங்களுக்கும் பொது. பேட்டரியின் எடையால் மின்சார காரில் டயர் தேய்மானம் சற்றுக் கூடலாம். மோட்டாரே வேகத்தைக் குறைக்க உதவுவதால் பிரேக் தூசு குறைகிறது.

டீசலின் நுண்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும்தான் நீண்டகாலமாகக் கவலைக்குரியவை. 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 விதிகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்தபோது, எரிபொருளில் உள்ள கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஆய்வகத்தோடு நில்லாமல் சாலையில் ஓடும்போதும் உமிழ்வை அளக்கும் இரண்டாம் கட்ட விதி நடைமுறைக்கு வந்தது. ஆகவே புதிய டீசல் கார், பழையதைவிடப் பன்மடங்கு தூய்மையானது. எனினும் தேசியத் தலைநகர் வலயத்தில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மற்றும் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுகளால் கட்டுப்பாடுகளுக்கு உள்ளாகி வந்துள்ளன. அங்கு டீசல் கார் வாங்குபவர், அதன் கூடுதல் விலையை மீட்க ஆகும் 8 ஆண்டுகளை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சிஎன்ஜி நுண்துகள்களை மிகக் குறைவாகவே வெளியிடும். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, தில்லியின் பேருந்துகள் 2002 இறுதிக்குள் சிஎன்ஜிக்கு மாற்றப்பட்டதற்கு அதுவே காரணம். ஆனால் சிஎன்ஜியின் பெரும்பகுதி மீத்தேன். எரியாமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். குழாய்களிலும் நிரப்பு நிலையங்களிலும் கசிவு கூடினால் சிஎன்ஜியின் கரியமில ஆதாயம் குறைந்துவிடும்.

இருசக்கர வாகனங்களில் தெளிவான விடை

கார்களில் விடை சிக்கலாக இருந்தாலும், இந்தியர்கள் அதிகம் வாங்கும் இருசக்கர வாகனங்களில் அது எளிதாக உள்ளது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 2.11 ரூபாய் ஆகும். 100 கிலோமீட்டருக்கு 3.5 யூனிட் எடுக்கும் மின்சார ஸ்கூட்டருக்கு வீட்டுச் சார்ஜிங்கில் 28 பைசா. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் சுமார் 18,300 ரூபாய். ஸ்கூட்டரின் கூடுதல் விலை 25,000 ரூபாயாக இருந்தாலும் ஒன்றரை ஆண்டுக்குள் ஈடாகிவிடும்.

கரியமில வாயுவிலும் இதே நிலைதான். சுத்திகரிப்பையும் சேர்த்துப் பெட்ரோல் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 61 கிராம். நிலக்கரி மின்சாரத்தையும் இழப்பையும் சேர்த்தே மின்சார ஸ்கூட்டருக்குச் சுமார் 30 கிராம். பேட்டரியும் சிறியது; கழற்றியோ நேரடியாகவோ சாதாரண பிளக்கில் சார்ஜ் செய்யலாம். 2024 ஜூலையில் பஜாஜ் நிறுவனம் உலகின் முதல் சிஎன்ஜி மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியதால், நீண்டதூரம் செல்வோருக்கு மற்றொரு வழியும் திறந்துள்ளது.

உற்பத்தியாளர்களுக்கான விதி

எரிபொருள் சிக்கனத்தை வாங்குபவரின் விருப்பத்துக்கு மட்டும் அரசு விட்டுவிடவில்லை. கஃபே எனப்படும் நிறுவனச் சராசரி எரிபொருள் திறன் விதிகளின்படி, ஒரு நிறுவனம் விற்கும் அனைத்துக் கார்களின் சராசரி உமிழ்வு ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். 2017-18இல் தொடங்கிய முதல் கட்டத்தில் இது கிலோமீட்டருக்கு 130 கிராம். 2022-23இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 113 கிராம். இவ்விதி புகைக்குழாய் உமிழ்வை மட்டுமே அளப்பதால் மின்சார கார் பூஜ்யமாகக் கணக்கிடப்படுகிறது. பெரிய கார்களை விற்கும் நிறுவனங்கள் சராசரியைக் குறைக்க மின்சார மாதிரிகளையும் விற்க வேண்டிய நிலை இதனால் உருவாகிறது.

யாருக்கு எது பொருந்தும்?

மாதம் 500 கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டுபவருக்குச் சிறிய பெட்ரோல் காரே பணக்கணக்கில் சிக்கனம். நல்ல நிலையில் உள்ள பழைய கார் இருந்தால், அதைத் தொடர்ந்து பயன்படுத்துவது புதிய காரின் தயாரிப்பால் உண்டாகும் உமிழ்வையும் தவிர்க்கும்.

மாதம் 1,000 கிலோமீட்டர் அளவில் ஓட்டி, அருகில் நிரப்பு நிலையம் உள்ளவருக்குச் சிஎன்ஜி பொருந்தும். வீட்டில் சார்ஜ் வசதியுடன் தினமும் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கோ, காரை எட்டு, பத்து ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணம் உள்ளவருக்கோ மின்சார கார் ஆதாயம். சார்ஜ் வசதியின்றி நகர நெரிசலில் அதிகம் செல்பவருக்கு ஹைபிரிட் பொருத்தமானது. நெரிசலில் நின்று செல்லும்போதுதான் அதன் மோட்டார் அதிகம் உழைக்கிறது. நெடுஞ்சாலையில் ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டருக்கு மேல் செல்வோரிடம் மட்டுமே டீசலுக்கு இன்னும் வலுவான காரணம் உள்ளது.

15 ஆண்டு கடந்த வாகனத்தைப் பதிவுபெற்ற மையத்தில் அழித்துச் சான்றிதழ் பெற்றால், புதிய தனிநபர் வாகனத்துக்கான மோட்டார் வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை வழங்க மத்திய விதிகள் இடமளிக்கின்றன.

எந்த வாகனமானாலும் டயரில் சரியான காற்றழுத்தம், சீரான வேகம், சிக்னலில் எஞ்சினை அணைப்பது ஆகியவை கூடுதல் விலை கொடுக்காமலே கிடைக்கும் சேமிப்பு. இவற்றையெல்லாம் விடப் பெரிய வித்தியாசத்தை இருக்கைகளின் எண்ணிக்கை செய்கிறது. கிலோமீட்டருக்கு 197 கிராம் வெளியிடும் பெட்ரோல் காரில் நால்வர் சென்றால் ஒருவருக்கு 49 கிராம்தான். மின்சார காரில் ஒருவர் மட்டும் சென்றால் அவர் கணக்கில் 144 கிராம் சேர்கிறது.